எண்ணப்படாத கால்கள்

கீழ்வானம் வெளுத்துக் கதிரவன் தன் முதற்கதிரை நகரின்மேல் வீசும் பொழுதில், அகன்று நீண்டு கிடக்கும் அந்தப் பெருஞ்சாலை, உறக்கம் கலைந்த பெரும்பாம்பென மெல்ல நெளியத் தொடங்கும். மேற்கே, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கி நிற்கும் வீடுகள். கிழக்கே பள்ளியும், ஆடை தைக்கும் ஆலையும், நான்கு மாடி மருத்துவமனையும். மேற்கில் உறங்கி எழுந்தவர்கள் கிழக்கே சென்றுதான் படிக்கவும் உழைக்கவும் பிழைத்திருக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே, கிழிந்த மூட்டையிலிருந்து பயறு சொரிவதுபோல், சாலை நடுவே இருந்த ஒரேயோர் இடைவெளியின் வழியே மக்கள் நாள்தோறும் சொரிந்துகொண்டே இருந்தனர். முன்னொரு காலத்தில் கடப்போர்க்கென அங்கே வெள்ளைக் கோடுகள் தீட்டியிருந்தார்கள். ஆறாண்டுகளாக ஆயிரமாயிரம் செருப்புகள் உரசி உரசி அக்கோடுகளைத் தின்றுவிட்டன. கோடு போயிற்று, வழி போகவில்லை. விடிந்ததும் கால்கள் தாமே அவ்விடத்தை அறிந்து நடந்தன.

அந்த இடைவெளிக்கு நேர் எதிரே, இரண்டறை வீடொன்றில் குடியிருந்தாள் ஒரு தையற்காரி. ஆலையில் சட்டைக்குக் கழுத்துப்பட்டை தைப்பவள். நாளொன்றுக்கு நானூறு பட்டை தைத்தாலும் பிசகாத கை, அதைவிடப் பிசகாத நாக்கு. அவள் கணவர் முன்னாளில் பேருந்து ஓட்டியவர். சிறுநீரகங்கள் பழுதுபட்டு வண்டியை விட்டு அவர் இறங்கி நான்காண்டுகள் ஆகியும், தெருவார் வாயில் 'ஓட்டுநர்' என்ற பெயரிலிருந்து அவர் இறங்கவில்லை. வாரம் மும்முறை, காலை எட்டு மணிக்கு, குருதியைத் தூய்மை செய்யும் பொறியருகே அவர் படுத்தாக வேண்டும். அரை மணி தாழ்ந்தால் படுக்கை அடுத்தவர்க்குப் போய்விடும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரு முறை தவறினால் என்னாகும் என்பதை மருத்துவர் சொல்லாமலே அவள் அறிவாள். அதற்கென்றே, இருந்த நல்ல வீட்டை விட்டு இந்த இரண்டறைக்குள் வந்து ஒடுங்கினாள். வாயிற்படியிலிருந்து மருத்துவமனை வாயில்வரை அறுபது அடி எடுத்து வைத்தால் போதும். கைத்தடி ஊன்றி, எவர் தோளும் பற்றாமல், அவர் தாமே போய்த் தாமே திரும்புவார். "என் ரூட்டு மொத்தம் அறுபது அடிதான். நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நோய் தின்றது போக அம்மனிதரிடம் எஞ்சியிருந்த தன்மானம் முழுவதும் அந்த அறுபது அடியில்தான் இருந்தது.

அதன்மேல்தான் நகர்மன்றத்தின் கண் விழுந்தது.

ஒருநாள் மாலை, ஆலைவிட்டு வந்தவள் விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கக் கண்டாள். நகர் அழகூட்டும் திட்டத்தின்கீழ்ச் சாலை நடுவே இரும்பு வேலி எழுப்பிப் பூச்செடிகள் வளர்க்கப்படும் என்றும், பயன்பாட்டில் இல்லாத இடைவெளி மூடப்படும் என்றும், சாலையைக் கடப்போர் தெற்கே அரைக்கல் தொலைவிலுள்ள நடைபாலத்தின் வழியே செல்லலாம் என்றும், மறுப்புடையோர் வரும் வியாழனன்று முற்பகல் மன்றத்தில் வந்து கூறலாம் என்றும் அது அறிவித்தது. 'பயன்பாட்டில் இல்லாத' என்ற சொற்களை அவள் மும்முறை படித்தாள். படித்து முடிப்பதற்குள், அந்த இடைவெளியைக் கடந்து வந்தவர்களில் நால்வர் அவள் தோளை இடித்துக்கொண்டு போயினர். உலையில் நீர் கொதித்து மூடியைத் தள்ளுவதுபோல் அவளுக்குள் சினம் எழுந்தது.

அவள் தம்பி நகர்மன்றத்தின் திட்டப் பிரிவில் எண்ணிக்கை எழுத்தர். எந்தத் தெருவில் எத்தனை பேர் நடக்கின்றனர், எத்தனை வண்டி ஓடுகின்றன என்று எண்ணி எழுதுவதே அவன் பணி. அடுத்த தெருவில் இருந்த அவன் வீட்டுக்குள் அவள் செருப்பையும் கழற்றாமல் நுழைந்தபோது, அவன் மறுநாளைக்கான சட்டையைச் சலவைப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, எங்க வீட்டு எதிர்ல ஆளே நடக்கறதில்லன்னு எந்தப் புண்ணியவான் எழுதிக் குடுத்தான்?"

அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். தமக்கையின் முகத்தைப் பார்க்காமல் சட்டையின் கையைப் பார்த்தான்.

"நான்தான்க்கா."

"என்னது?"

"கோவப்படாம கேளு. மூணு நாள் வெயில்ல உக்காந்து எண்ணினேன். படிவத்துல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. 'வெள்ளைக் கோட்டின் மீது கடந்தோர்'னு. அங்க கோடே இல்லையே. இல்லாத கோட்டு மேல எப்படிக்கா ஆள் போக முடியும்?"

"அதனால?"

"பூஜ்ஜியம்னு போட்டேன். மூணு நாளும்."

"உன் மாமா போனாரே, அவரைப் பாக்கலையா நீ?"

"பாத்தேன்க்கா. என்னைப் பாத்துக் கையாட்டினாரு."

"நீ என்ன பண்ணின?"

"நானும் ஆட்டினேன்."

"கையாட்டத் தெரிஞ்சுது. எண்ணத் தெரியல!"

"கோட்டுக்கு வெளிய கடக்கறது விதிமீறல்க்கா. அவங்களை எண்ணிக்கையில சேத்தா என்னைத்தான் கேப்பாங்க."

"அப்ப முதல்ல கோட்டைப் போடச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. ஆள் நடமாட்டம் இருக்கற எடத்துக்குத்தான் கோடு போடுவாங்களாம்."

கற்றறிந்த வாசகரே, இந்த அறிவுடைமையைச் சற்றே நின்று நோக்குக. மிகப் பலர் நடந்தமையால் கோடு தேய்ந்தது. கோடு தேய்ந்தமையால் எவரும் நடக்கவில்லை என்றாயிற்று. எவரும் நடக்காமையால் கோடு தேவையில்லை. கோடு இல்லாமையால் வழியே தேவையில்லை. செக்கைச் சுற்றும் மாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருப்பார்கள். இவர்களோ இரு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டே சுற்றினார்கள்.

"வியாழக்கிழமை எல்லாரும் இருப்பாங்க. நீ எந்திரிச்சு நடந்ததைச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள்.

"பாக்கறேன்க்கா" என்றான் தம்பி.

வியாழனன்று அரைநாள் விடுப்புப் பெற்று, ஆலைப் பெண்கள் பதின்மரும் பள்ளி ஆசிரியை ஒருத்தியும் உடன்வர, அவள் மன்றத்துக்குச் சென்றாள். உயர்ந்த கூரையும் வழவழத்த தரையும் உடைய அக்கூடத்தின் சுவரில், வரப்போகும் சாலையின் படம் பல நிறங்களில் தீட்டி மாட்டப்பட்டிருந்தது. செம்மலர்களும் மஞ்சள் மலர்களும் வரிசை பிசகாமல் பூத்திருந்தன, ஊர்திகள் பளபளத்தன, மாந்தர் ஒருவரும் அப்படத்தில் இல்லை. உயர்ந்த இருக்கையில் தலைவரும், அவர் அருகே பொறியாளரும், இருபுறமும் உறுப்பினரும், பின்வரிசையில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் தம்பியும் அமர்ந்திருந்தனர்.

பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "மூன்று நாள் எண்ணிக்கையின்படி, குறித்த இடத்தில் கடந்தவர் தொகை பூச்சியம்."

ஆலைப் பெண்கள் கொல்லென்று சிரித்தனர். "அப்ப நாங்க என்ன பறந்தா போறோம்?" என்றாள் ஒருத்தி.

தலைவர் மேசையைத் தட்டினார். "அம்மா, அமைதி. மன்றம் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யும். உணர்ச்சியை வைத்து அல்ல."

தையற்காரி எழுந்தாள். "ஐயா, எண்ணிக்கையைப் பத்தித்தான் நானும் பேச வந்தேன். எண்ணின ஆள் உங்களுக்குப் பின்னாடியே உக்காந்திருக்காரு. அந்த மூணு நாள்ல தன் கண்ணால எத்தனை பேரைப் பாத்தாருன்னு மட்டும் கேளுங்க. கட்டத்துல எழுதினதைக் கேக்க வேணாம். கண்ணால பாத்ததைக் கேளுங்க."

தலைவர் திரும்பினார். தம்பி எழுந்து நின்றான். அவன் பார்வை தமக்கையிடம் ஒருகணம் வந்தது. பின்பு தலைவரிடம் சென்றது. பின்பு கையிலிருந்த கோப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"படிவத்தில் உள்ளபடி... எண்ணிக்கை சரிதாங்க ஐயா" என்றான்.

அவ்வளவுதான். பதினோரு கைகள் உயர்ந்தன. நான்கு கைகள் உயரவில்லை. தீர்மானம் நிறைவேறியது. "அடுத்த பொருள்" என்றார் தலைவர். ஊரின் ஒரு பாதியை மறுபாதியிலிருந்து அறுத்தெடுப்பதற்கு அந்த மன்றத்துக்குத் தேவைப்பட்ட பொழுது, ஒரு கழுத்துப்பட்டை தைக்கும் பொழுதைவிட மிகுதியன்று. தையற்காரி தம்பியிடம் ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறினாள். வசைபாடியிருந்தால் அவன் உறங்கியிருப்பான்; அவள் அந்த உதவியையும் செய்யவில்லை.

பதினோராம் நாள் வேலி நின்றது. மார்பளவு உயரம், நுனிதோறும் கூரிய இரும்பு இலைகள். வாடகை வண்டியில் போகலாமெனில், மூன்று கல் தொலைவு சென்று வளைந்து திரும்ப வேண்டும். காலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும். அதற்கும் வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. ஆகவே திங்களன்று கணவனும் மனைவியும் நடைபாலத்துக்கு நடந்தனர். ஏற ஐம்பத்தாறு படிகள், இறங்க ஐம்பத்தாறு படிகள். பத்தாம் படியில் ஓட்டுநர் அமர்ந்தார். பதினெட்டாம் படியில் அமர்ந்தார். "வண்டி சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆற விடு" என்றார். முப்பதாம் படியில் அவரிடம் கேலிப்பேச்சும் தீர்ந்துபோயிற்று. மருத்துவமனையை அடைந்தபோது மணி எட்டே முக்கால். படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார்.

நண்பகலுக்குள் அவர் கால்கள் வீங்கின. அவரை வீட்டுக் கட்டிலில் சாய்த்துவிட்டு, அவள் நேரே நகர்மன்ற அலுவலகத்துக்குச் சென்றாள். திட்டப் பிரிவின் கதவைத் தள்ளினாள். எழுத்தர் அறுவர் தலை நிமிர்த்தினர். தம்பி எழுந்து நின்றான்.

"அக்கா, இங்க வேணாம்க்கா. வெளிய போய்ப் பேசலாம்."

"பேச வரல. புதன்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு வீட்டு வாசல்ல வந்து நில்லு."

"எதுக்கு?"

"உன் மாமாவை முதுகுல தூக்கிப் பாலம் ஏத்தணும். பன்னெண்டரை மணிக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்து விடணும். வாரம் மூணு நாள்."

"ஆபீஸ் நேரம்க்கா... நான் எப்படி..."

"ஆளே இல்லன்னு எழுதினல்ல? இல்லாத ஆளைத் தூக்க என்ன கஷ்டம் உனக்கு?"

அறையில் எவரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். தம்பியின் முகம், வெயிலில் கிடந்த தாள்போல் வெளிறிச் சுருங்கியது.

புதன்கிழமை அவன் வந்தான். ஓட்டுநர் மெலிந்தவர்தாம், எனினும் எலும்பும் நீரும் வீக்கமும் சேர்ந்து, மனிதர் மனிதர்க்குரிய பாரமாகவே இருந்தார். பாலத்தின் அடியில் தம்பி குனிந்து அவரை முதுகில் ஏற்றினான். ஆலைக்குச் செல்லும் பெண்களும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், கைக்குழந்தையுடன் மருந்துக்குச் செல்லும் தாயரும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிய அப்படிகளில், அவர்களைப் பூச்சியமென்று எழுதியவன் அவர்களுக்கிடையே மூச்சிரைக்க ஏறினான். விலகி வழிவிட்டவர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டனர். ஒருவரும் ஏசவில்லை. பார்த்தனர், அவ்வளவே.

"மேடு வருது மாப்ள, கியரை மாத்து" என்றார் ஓட்டுநர் முதுகிலிருந்து.

"மாமா, என்னை மன்னிச்சிருங்க மாமா."

"அதெல்லாம் அப்பறம். முன்னாடி பாத்து ஓட்டு. ஏத்தினது பாசெஞ்சர்."

உச்சியில் அவரைச் சற்றே இறக்கிவைத்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற தம்பியின் கண்கள் நிறைந்திருந்தன. கைத்தடியும் பையும் தாங்கிப் பின்னே வந்த தமக்கையை நோக்கி, "அக்கா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லேன்" என்றான்.

"ஏழே கால் ஆச்சு. எறங்கு" என்றாள் அவள்.

பணிநேரத்தில் இருக்கையில் இல்லாமைக்கு அவனிடம் விளக்கம் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. கோடு தீட்டி மீண்டும் எண்ண வேண்டுமென்று அவன் எழுதிய மடல், 'பயன்பாட்டில் இல்லாத இடம்' என்ற குறிப்புடன் அவன் மேசைக்கே திரும்பி வந்தது. அவன் விளக்கமும் எழுதினான், மடலை மறுபடியும் அனுப்பினான், தூக்குவதையும் விடவில்லை. தமக்கை இன்னும் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

வேலியோரம் செடிகள் நன்றாகவே பூத்திருக்கின்றன. ஊர்திகளில் விரைவோர் அவற்றைக் கண்டு இந்நகரின் அழகை மெச்சுகின்றனர். ஒரு நகரம் யாருக்காக அழகுபெறுகிறது என்று கேட்பதற்கு அவ்விரைவில் எவர்க்கும் நேரமில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்பதற்கென்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. காண மறுத்த கண்ணின் பிழைக்கு முதுகு விலை தருகிறது. அம்முதுகும் அதிகாரத்தின் முதுகன்று, அதற்கு அஞ்சிய ஓர் எளியவனின் முதுகு. நகர்மன்றத்து ஏட்டில் அந்தத் தொகை இன்றும் பூச்சியமே. அந்தப் பூச்சியம் வாரம் மும்முறை ஐம்பத்தாறு படி ஏறி, ஐம்பத்தாறு படி இறங்கி, ஒருவன் தோள்மேல் முகம் புதைத்து, முட்டும் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருக்கிறது.