இரண்டாவது மிதி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான் டைப் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில், முத்திரைத்தாள் விற்பவருக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு டைப்ரைட்டர். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊரார் பொய்களுக்கு மார்ஜின் விட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் அழகியமணவாளன். 1989 ஆடி மாதம், ராஜபாளையம் சோலைச்சாமி என்பவருக்காக ஓர் அபிடவிட் அடித்தேன். விபத்தில் சிக்கிப் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த தன் வண்டியை மீட்பதற்காக அவர் கொடுத்தது. அதில் இரண்டு வரி:

‘மேற்படி வாகனத்தின் பிரேக் சம்பவ தினத்தன்று நல்ல நிலையில் இருந்தது. ஓட்டுநரின் அதிவேகமும் அஜாக்கிரதையுமே விபத்துக்குக் காரணம்.’

வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்தேன் என்று சொல்லி நான் கழன்றுகொள்ளலாம். ஆனால் குமாஸ்தா ‘வேகமும்’ என்றுதான் எழுதியிருந்தார். ‘அதி’ நான் சேர்த்தது. இந்த மாதிரி மனுக்களில் அப்படித்தான் வரும். விரல் தானாகப் போய்விட்டது. ஆக, நான் எழுதிய முதல் கதை இரண்டே எழுத்து. அதற்குக் கோர்ட்டு சீலும் கிடைத்தது.

2

இதை எப்படித் தொடங்குவது என்பதிலேயே நிறையத் தாள் வீணாயிற்று.

(‘சோலைச்சாமிக்கு அந்த வண்டி பெற்ற பிள்ளை மாதிரி—’ வேண்டாம். அவர் அதைத் திட்டாத நாள் கிடையாது.)

(‘விதி என்பது—’ இதை எழுதியதற்காக அன்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.)

(‘அது ஒரு பழைய பிக்கப் வண்டி.’ இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.)

அது ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சரக்கு ஏற்றலாம். சோலைச்சாமி வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரில் எல்லா எண்ணும் ஒன்பதாகி, மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்ததை அவரே இரண்டு தடவை பார்த்திருக்கிறார். மூன்றாவது தடவைக்குள் மீட்டர் நின்றுபோனது, வண்டி நிற்கவில்லை. மாம்பழக் காலத்தில் தேவதானம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சப்பட்டை மாம்பழம் ஏற்றிவருவார். மற்ற மாதங்களில் பேண்டேஜ் துணிக்கட்டு.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டு முன்னால் நிற்கும், சோலைச்சாமி அதன் அடியில் படுத்திருப்பார். வெளியே இரண்டு பாதம்தான் தெரியும். அவரைத் தேடி வருகிறவர்கள் அந்தப் பாதங்களிடம் பேசிவிட்டுப் போவார்கள். ஒர்க் ஷாப்புக்கு விட மாட்டார். வேறொருவன் கை வைத்தால் அப்புறம் அந்த வண்டி தன் பேச்சைக் கேட்காது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். எந்த நட்டு எந்த ஸ்பேனருக்கு அசையும் என்பது அவருக்கு இருட்டிலும் தெரியும். தெரிந்ததே அவருக்கு வினையாக முடிந்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், சஸ்பென்ஸ் வைத்து எழுத எனக்கு வராது.

3

முதல் பிரதியில் முத்துப்பேச்சி இல்லை. சோலைச்சாமியின் மனைவி. வண்டியைப் பழுதுபார்த்து ஒக்கிடுகிற கதையில் மனைவி எதற்கு, சாப்பாடு கொண்டுவந்து வைக்கவா என்று விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

பிரேக் பைப்புக்குள் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். எட்டு வருஷமாக மிதித்தவர் முத்துப்பேச்சி.

“மிதி.”

“மிதிச்சிட்டேன்.”

“பிடி… விடு.”

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், காற்றெல்லாம் எடுத்து முடித்த பிறகும் அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை.

“ஏங்க, மொத மிதி சும்மா கீழ போகுது. ரெண்டாவதுலதான் நிக்குது.”

“லைனர் தேஞ்சிருக்கு.* டிரம்மக் கழட்டணும். மாம்பழ சீசன் வருது, அது முடியட்டும்.”

“அதுவரைக்கும்?”

“ரெண்டு மிதி மிதிக்க வேண்டியதுதான். காலு என்ன தேஞ்சா போயிரும்.”

(*லைனர் என்பது சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பட்டை. தேய்ந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். முதல் மிதி அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிவிடும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டீக்கடையில் ஒரு டிரைவரைப் பிடித்துக் கேட்டு எழுதுகிறேன்.)

மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போயிற்று. முதல் வாரம் சோலைச்சாமி நினைத்து நினைத்து இரண்டு முறை மிதித்தார். பிறகு நினைக்க வேண்டியிருக்கவில்லை. காலே பார்த்துக்கொண்டது.

4

வைகாசி கடைசியில் பின்பக்கத்து ஸ்பிரிங் பிளேட்டை மாற்றும்போது ஜாக்கி நழுவி, சோலைச்சாமியின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. தோப்பில் பழம் பறித்துக் கிடக்கிறது. விட்டால் அழுகிவிடும். முத்துப்பேச்சியின் தம்பி இருளப்பசாமி சுந்தரபாண்டியத்திலிருந்து வந்தான். பெரிய லாரி ஓட்டுகிறவன். புது வண்டிகளாகவே ஓட்டியவன். மிதித்தால் நிற்கும் என்பதைத் தவிர பிரேக்கைப் பற்றி யோசித்தே இராதவன்.

காலையில் வண்டியைக் கொடுக்கும்போது சோலைச்சாமி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“மாப்ள, ரெண்டாவது கியர் போட்டா கைய எடுத்துராத, தெறிச்சு வெளிய வந்துரும். எடது கதவக் கயித்துல கெட்டியிருக்கு, நீ வலது பக்கமே எறங்கு. ரேடியேட்டருக்கு, போகும்போது ஒரு கொடம் தண்ணி, வரும்போது ஒரு கொடம்.”

“சரி மச்சான்.”

“ஹாரன் அடிக்காது. இந்த ரெண்டு ஒயரையும் தொட்டு வைக்கணும்.”

“இதையும் வண்டின்னு ஓட்டுதீகளே மச்சான்.” இருளப்பசாமி சிரித்தான்.

சோலைச்சாமியும் சிரித்துவிட்டு மேலே சொன்னார். மொத்தம் பதினோரு குறை. பன்னிரண்டாவதைச் சொல்லவில்லை.

வாசலில் நின்ற முத்துப்பேச்சி கேட்டார்: “எல்லாத்தையும் சொல்லிட்டீகளா?”

“எல்லாஞ் சொல்லியாச்சு.”

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்து, ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். கயிறு கட்டிய கதவைச் சொன்னவர் பிரேக்கைச் சொல்லாமல் விடுவாரா? யார் நம்புவார்கள்? அப்புறம் என் மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொல்லைக் கதவைத் திறக்க முடியாமல் அவர் போராடிக்கொண்டிருந்தபோதுதான், அதைச் சற்றுத் தூக்கித் தள்ள வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. தினமும் நாலு முறை தூக்கித் தள்ளுகிறேன். கேட்டால், கதவு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். ‘அதி’யையும் நான் யோசித்து அடிக்கவில்லையே.

(அல்லது, மைத்துனன் அப்படிச் சிரித்த பிறகு, பிரேக்கும் சரியில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்து— இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

திரும்பி வரும்போது சரக்கோடு ஓர் இறக்கம், இறக்கத்தின் அடியில் ஓடைப்பாலம், பாலத்தின் மேல் ஒரு மாட்டுவண்டி. இருளப்பசாமி மிதித்திருப்பான். பெடல் கீழே போயிருக்கும்.

[இங்கே அவன் மனத்துக்குள் நுழைந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவனைப் பற்றி இட்டுக்கட்ட எனக்கு இனிமேல் உரிமை கிடையாது.]

மாட்டுவண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிக்கப் பாலச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடையில் விழுந்தது. இருளப்பசாமிக்கு இருபத்தாறு வயது.

ஆடி மாதம் சோலைச்சாமி என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கையில் கட்டு. பத்து நாள் தாடி. அடித்து முடித்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். நான் இழுக்காமல் வாசித்தேன். ‘மேற்படி வாகனத்தின் பிரேக்’ என்ற இடம் வந்தபோது பெஞ்சுக்கடியில் அவருடைய வலது கால் தரையை இரண்டு முறை மிதித்தது.

நான் நிறுத்திவிட்டேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரும் குனிந்து பார்த்தார். தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கைச் சொல்லாமல் விட்டது அந்த நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தெரியாது என்று நான் நம்புகிறேன். நம்ப ஆசைப்படுகிறேன் என்பதுதான் சரி.

“மேல வாசிக்கவா?” என்றேன்.

“வேண்டாம். எங்க கையெழுத்துப் போடணும்?”

காட்டினேன். நான் அப்போது வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் மனு அடிக்கக் காத்திருந்தார்கள்.

6

புரட்டாசியில் முத்துப்பேச்சி தனியாக வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. முந்தானைக்குள்ளிருந்து அபிடவிட்டின் நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

“அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிங்க. எனக்கு எழுத்து தெரியாது.”

யார் என்று கேட்டேன், இருளப்பசாமியின் அக்கா என்றார். நான் வாசித்தேன். அந்த இடம் வந்தபோது, ‘பிரேக் திடீரெனப் பழுதானது, யார் மேலும் குற்றமில்லை’ என்று தாளில் இல்லாத ஒரு வரியை வாசித்தேன். இது என் இரண்டாவது கதை.

முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எந்தம்பி குடிச்சிட்டு கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுனான்னு சுந்தரபாண்டியம் பூரா பேசுதாக. கோர்ட்டு பேப்பர்லயே அப்படித்தான் இருக்குன்னு படிச்சவுக சொல்லுதாக. அவன் பொண்டாட்டி வெளிய தல காட்ட முடியல. நீங்க ஏன் மாத்தி வாசிக்கீக?”

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவர்தான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“வண்டிய ஸ்டேஷன்லருந்து கொண்டாந்து ஒக்கிட்டுட்டாக. முந்தாநா காத்து எடுக்கக் கூப்புட்டாக. ஏறி உக்காந்தேன். அவன் உக்காந்த சீட்டு. மிதின்னாக. மிதிச்சேன். மொத மிதியிலேயே நின்னுருச்சு அண்ணாச்சி. புது லைனர் போட்டிருக்காக. ஒரு ஞாயித்துக்கெழம வேல. அம்புட்டுதான்.”

“அம்மா—”

“அவிய கீழ படுத்துக்கிட்டு விடு விடுங்காக. நான் கால எடுக்கல. எம்புட்டு நேரமோ தெரியல. பொறவு அவியளும் பேசாமப் படுத்துக் கெடந்தாக.”

டீக்கடைக்காரர் கொண்டுவந்து வைத்த டீயை இரண்டு பேருமே தொடவில்லை.

“நான் சொல்லுதத அடிங்க. பிரேக்கு ரெண்டாவது மிதியிலதான் பிடிக்கும். எனக்குத் தெரியும். எம் புருசனுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது. நாங்க சொல்லல.”

“உங்க வீட்டுக்காரரப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்கம்மா.”

“அவிய போனா நானும் போறேன். மிதிச்சிக் குடுத்தது நாந்தான. அவிய மறந்தாக. நான், லாரி ஓட்டுதவனுக்கு எப்படி மிதிக்கணும்னு பொம்பள சொல்லணுமான்னு நின்னுட்டேன்.”

7

முடிவு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் தாளைச் செருகி அடிக்கிறேன். இருளப்பசாமியின் பெயர் துலங்குகிறது, சோலைச்சாமி ஜெயிலுக்குப் போகிறார். என் நண்பர் ஒருவர் வாசித்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டு: பின்னாலேயே வந்து நின்ற சோலைச்சாமி, “அவ சொல்லுதத அடிங்க அண்ணாச்சி” என்கிறார். இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இது பொய் என்று தெரிந்தது.

மூன்றாவது நடந்தது. “வக்கீலைக் கேட்டுட்டு வாங்கம்மா” என்றேன். சட்டத்துக்காக அல்ல. விசாரணை வந்தால் அந்த ‘அதி’யை அடித்தது யார் என்று கேட்பார்களே என்று பயம். முத்துப்பேச்சி எழுந்தார். நகலை மடித்து மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அப்புறம் வரவில்லை. ஏழெட்டு வருஷம் அந்த வண்டியை ராஜபாளையம் ரோட்டில் பார்த்திருக்கிறேன். சோலைச்சாமிதான் ஓட்டினார். அதற்கப்புறம் வண்டியும் கண்ணில் படவில்லை.

அன்று அடிக்காததை இன்று, 1998இல், அடிக்கிறேன்:

‘மேற்படி வாகனத்தின் பிரேக் இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். இது எனக்குத் தெரியும். ஓட்டியவருக்குத் தெரியாது. அவரிடம் நான் சொல்லவில்லை.

உறுதி கூறுபவர்:                         ’

அந்த இடத்தில் முதலில் சோலைச்சாமி என்று அடித்தேன். பிறகு முத்துப்பேச்சி என்று அடித்தேன். பிறகு என் பெயரை அடித்து, வண்டியே ஓட்டத் தெரியாதவனுக்கு இதில் என்ன வேலை என்று ரப்பரால் அழித்தேன். அழித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது, புதுத்தாளில் வெறுமையாக விட்டிருக்கிறேன். முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். விஷயம் தெரிந்தவர்களில் இப்போது நீங்களும் ஒருவர். இருளப்பசாமியின் மனைவி சந்தனம் சுந்தரபாண்டியத்தில்தான் இருக்கிறாள். புருஷன் குடித்துவிட்டு ஓட்டிச் செத்தான் என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.