அடிபம்புத் தண்ணீர்

காலைப் பால் கொடுத்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த பால் சாயங்காலம்தான். பண்ணை வேலைக்காரி வில்லமீன் இரண்டு வாளித் தண்ணீரோடு கொட்டகைக்குள் வந்தாள். மரக்கூண்டுகளில், திரும்பக்கூட இடமில்லாமல் நின்ற கன்றுகள் தலையை நீட்டின. ஒவ்வொன்றுக்கும் அரை வாளி.

ஒரு மாதத்துக்கு முன்பு அவை காற்றில் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தன. மூத்திரத்தில் ஊறிய பலகையை நக்கின. ஜூலை வெயிலில் இரண்டு செத்தன. அவள் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஒன்றும் சாகவில்லை.

பண்ணைக்காரர் ஹார்மன் வாசலில் நின்றார். கொட்டகைதான் அவருடையது, கறிக்கு வளர்க்கும் கன்றுகளும் பால்மாவும் கம்பெனியுடையவை. பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி.

"நான் இந்தப் பக்கமே வரல, தெரியுதா?"

"கண்ண மூடிக்கிட்டே பால் கலக்குங்க. பழகிடும்."

சிரித்துவிட்டுப் போனார்.

பால்மாவை அளவாகக் கலக்கிறார்களா என்று பார்க்க, கம்பெனி ஆள் வாராவாரம் குழாய் மீட்டரைக் குறித்துக்கொண்டு போவான். அதனால்தான் அவள் முற்றத்து அடிபம்பில் தண்ணீர் அடித்தாள். அதற்கு மீட்டர் இல்லை. துணியில் துருப்போலக் காவிக்கறை பிடிக்கும் தண்ணீர். குடித்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் கம்பெனி ஆள் ரைன்டர்ஸ் வந்தான்.

"மொத லாரில போன நாப்பதும் செவப்புக் கறி. வெளுப்பா இல்லன்னா எவன் வாங்குவான்? இரும்புச் சத்து ஏறினாத்தான் கறி செவக்கும். அது எங்கேர்ந்து போச்சு?"

ஹார்மன் தன் மரக்காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கன்று இருமியது.

"நான்தான் பம்புத் தண்ணி குடுத்தேன். தாகமா இருந்துச்சுங்க."

"ஒனக்கு யாரு சொன்னது? கன்னுக்குட்டியா?" ரைன்டர்ஸ் ஹார்மன் பக்கம் திரும்பினான். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"சனிக்கெழமைக்குள்ள ஆள மாத்துங்க. இல்லன்னா அடுத்த கன்னு வராது."

"வீடு?" என்றாள் வில்லமீன். கொட்டகைக்குப் பின்னால் அவள் பதினொரு வருடம் குடியிருந்த இரண்டு அறைகள்.

"புதுசா வர்றவங்களுக்கு வேணுமே," என்றார் ஹார்மன், மெதுவாக.

ரைன்டர்ஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "என்னா புழுக்கம்! குடிக்க ஏதாச்சும் கொண்டாங்களேன்."

ஹார்மன் ஓடிப்போய் அடுக்களையிலிருந்து கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தார். ரைன்டர்ஸ் நடைபாதையின் நடுவில் நின்று அண்ணாந்து குடித்தான். தாடையில் வழிந்து தரையில் சொட்டியது. இரண்டு பக்கத்துக் கூண்டுகளிலிருந்தும் கழுத்துகள், மரச்சட்டம் அழுத்தும் மட்டும், அவனை நோக்கி நீண்டன.