அறுபது பேர்

சீட்டில் நோயின் பெயருக்கு டாக்டர் எழுதியிருந்தவை நான்கே எழுத்துகள். சி, ஏ. கொஞ்சம் இடைவெளி விட்டு சி, எக்ஸ். பக்கத்தில் ரோமன் எண்ணில் இரண்டும் அதையொட்டி ஒரு பி-யும். மாரீஸ்வரி அந்த நான்கு எழுத்துகளை மட்டும் அடித்துவிட்டு எண்டரைத் தட்டினாள். திரைக்கு அடியில் பச்சைக் கோடு கட்டம் கட்டமாக நகர்ந்து, பாதியில் நின்று, மறுபடி நகர்ந்தது. பக்கம் திறந்தபோது முதலில் வந்தது கலிபோர்னியா. அடுத்தது கால்சியம். அதற்கும் கீழே எந்த நாட்டிலோ இருக்கிற கார் உதிரிபாகக் கடை. கால்சியம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு லேசானது. அம்மாவுக்குச் சத்துக் குறைவு, அவ்வளவுதான். முட்டையும் பாலும் கொடுத்தால் சரியாகிவிடும். அப்படி நினைத்து முடிப்பதற்குள், காலையில் கொல்லையில் அம்மா ஒளித்து ஒளித்து அலசிய துணியும் வாளித் தண்ணீரின் நிறமும் ஞாபகம் வந்தன. கால்சியம் குறைந்தால் அப்படி ஆகுமா?

அது இரண்டாயிரத்து மூன்று, ஜூலை மாதம். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. மாரீஸ்வரி சுவரோரக் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கியிருந்தாள். பக்கத்துத் தடுப்பில் இரண்டு பையன்கள் கார் ரேஸ் விளையாடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பது அனுமந்தன்பட்டியில் அவர்கள் தெருவுக்கே பெருமை. ஆனால் கல்லூரி லேபில் இருபது கம்ப்யூட்டர் என்பது பலகையில் எழுதியிருப்பது; ஓடுவது பதினொன்று. ஒன்றுக்கு மூன்று பெண்கள். ஒருத்திக்குக் கீபோர்டு, ஒருத்திக்கு மவுஸ், மூன்றாமவள் பின்னால் நின்று புரோகிராமை வாய்விட்டுப் படிப்பாள். மாரீஸ்வரி பெரும்பாலும் மூன்றாமவள். இன்டர்நெட் துறைத்தலைவர் அறையில் மட்டும்தான். போன வருடம் தோழி ஞானசெல்வியோடு இங்கே வந்து ஒரு மெயில் ஐடி தொடங்கினாள். அதற்கு இதுவரை வந்த கடிதங்கள் இரண்டு. கம்பெனியே அனுப்பிய வரவேற்பு ஒன்று, அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு ஞானசெல்வி அனுப்பிய ‘ஹாய்’ ஒன்று.

சீட்டு கிடைத்தது நேற்று. அம்மாவின் இரும்புச்சத்து மாத்திரையைத் தேடும்போது, அப்பாவின் பெட்டியில் துண்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்தது. ஏப்ரலில் அப்பா அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் கழித்து வந்தார். கர்ப்பப்பையில் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்றார். அந்த வாரமே அவளுக்குக் குச்சனூரில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கே என்று கேட்டதற்கு, “ஒங்கம்மா ஆசப்படுறா” என்றார். அம்மாவிடம் கேட்டால், “அப்பாதான் அவசரப்படுறாக” என்றாள்.

“என்ன புள்ள, ரொம்ப நேரமா ஒரே பக்கத்தப் பாத்துட்டு இருக்க? நெட்டு கட்டாயிருச்சா?”

சென்டர் நடத்தும் லத்திபா பின்னால் வந்து நின்றிருந்தாள். கணவர் சவுதியில், தம்மாமில் இருக்க, இரண்டு வருடமாகத் தனியாகக் கடையைப் பார்ப்பவள்.

“இல்லக்கா. இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு தேடுறேன், கெடைக்க மாட்டேங்குது.”

லத்திபா சீட்டை வாங்கிப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “இது யாருக்கு?”

“எங்கம்மாவுக்கு.”

கார் ரேஸ் பையன்களைப் பார்த்து, “ஏலே, சத்தத்தக் கொறைங்கடா” என்று அதட்டிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். “எங்க மாமிக்கும் மொத ரெண்டெழுத்து இதேதான் போட்டிருந்தாக. கேன்சருன்னு முழுசா எழுத மாட்டாகளாம். கூட வர்றவுக படிச்சிருவாகன்னு.”

“மாமி இப்ப எப்பிடி இருக்காக?”

“மவுத்தாயி நாலு வருசமாச்சு.” சொன்ன பிறகுதான் லத்திபாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. அவசரமாக, “அவுகளுக்கு மாருல. ரொம்ப முத்திப்போய்க் காமிச்சோம். ஒங்கம்மாவுக்கு அப்பிடியா இருக்கும்? நீ கேன்சருன்னே போட்டுப் பாரு. நேரத்தப் பாக்காத, இரு” என்றாள்.

அந்தச் சொல்லையும் மீதி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து அடித்ததும் எல்லாம் வந்தது. கர்ப்பப்பையின் வாய். படம் ஒன்று மேலிருந்து கீழாக, துணியை உதறி விரிக்கிற வேகத்தில்கூட இல்லாமல், வரி வரியாக இறங்கியது. மாரீஸ்வரி கல்லூரிப் பையிலிருந்து டிக்சனரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வரிக்கு மூன்று சொல் தெரியவில்லை. கீழே ஓர் அட்டவணை மட்டும் டிக்சனரி இல்லாமலே புரிந்தது. இரண்டு பி என்ற வரிசைக்கு நேரே, சிகிச்சை எடுத்தால் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் நூறு பேரில் அறுபது பேர். அதற்கு அடுத்து, மூன்று என்று தொடங்கிய வரிசைகளில் எண் பாதியாகக் குறைந்திருந்தது. சீட்டின் அடியில் இருந்த ஆர்.டி. என்பது கதிர்வீச்சு என்று இப்போது தெரிந்தது; அதற்கு வரச்சொல்லிப் போட்டிருந்த தேதி, ஏப்ரல் பதினாறு. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அதைத் தாண்டி மூன்று மாதம் முடிந்திருந்தது. குச்சனூர் மாப்பிள்ளையோடு கல்யாணத்துக்கு இவ்வளவு சீக்கிரம், ஆவணி பத்தாம் தேதி குறித்திருப்பதன் அர்த்தம் இப்போது புரிந்தது. லத்திபா நாலு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். மாரீஸ்வரி அவற்றை மடித்து டிக்சனரிக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அப்பா தங்கப்பாண்டியன் திராட்சைத் தோட்டத்தில் இருந்தார். பந்தலுக்கு அடியில் குனிந்து நின்று கத்தரியால் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். அவள் தாள்களை நீட்டினாள். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். மகள் கையில் அந்தப் படத்தைப் பார்த்த கூச்சத்தில் முகத்தைத் திருப்பினார்.

“இத யாரு குடுத்தா ஒனக்கு?”

“நெட்டுல எடுத்தேன்ப்பா. அம்மாவுக்கு என்னன்னு எனக்குத் தெரியும்.”

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். தாள்களை அவளிடமே நீட்டி, “கதிர்வீச்சாம், ஆறு வாரம் கரண்டு வைக்கணும்னாக. ஒங்க பெரியப்பாகிட்ட கேட்டேன். வேணவே வேணாம்னுட்டாக. நம்ம சொந்தத்துல பஞ்சம்மா மதினிக்குக் கரண்டு வச்சு என்னாச்சு? கருகிப்போயில்ல கெடந்தாக. நீயுந்தான பாத்த? அவள அப்பிடிக் கெடத்தணுமா? இருக்குற வரைக்கும் நல்லா இருந்துட்டு, ஒன் கழுத்துல தாலி ஏறுறதப் பாத்துட்டுப் போகட்டும்னாக” என்றார்.

“நூறு பேருக்கு அறுபது பேரு பொழைக்கிறாகன்னு போட்டிருக்குப்பா.”

“எந்த ஊரு அறுபது பேரு?”

அவள் தாளைப் பார்த்தாள். அதில் ஊர் எதுவும் இல்லை.

“நம்ம ஊருல, பாளையத்துல, சின்னமனூருல, எங்கனயாச்சும் ஒரே ஒரு ஆளு பேரு சொல்லுத்தா. கரண்டு வச்சுப் பொழச்சு நடமாடுற ஆளு. நா இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் லத்திபாவின் மாமியார். செத்துப்போனவர். அவர் பெயர்கூடத் தெரியாது.

“ஒங்கம்மாகிட்ட மூச்சு விட்டுறாத. பயத்துலயே போயிருவா” என்று சொல்லிவிட்டு அப்பா கத்தரியை எடுத்தார். வெட்டக்கூடாத கொடியை வெட்டிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் லேப் நேரத்தில் அவள் வழக்கமான மூன்றாமிடத்தில் நிற்காமல், சுவரோரம் தரையில் உட்கார்ந்து அந்தத் தாள்களில் இருந்ததை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினாள். அம்மா ராக்கம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். சினிமா போஸ்டரும் பஸ் போர்டும் படிப்பாள். அவளுக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும். இரண்டு நாள் ஆனது. ஞானசெல்வி கேட்டதற்கு அசைன்மென்ட் என்றாள். கதிர்வீச்சு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கரண்டு வைப்பது என்றும் எழுதினாள். அறுபது பேர் பிழைக்கிறார்கள் என்பதோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தது. நிறுத்தினாள். பிறகு, மீதி நாற்பது பேர் பிழைப்பதில்லை என்றும் சேர்த்தாள். அதை அடித்தாள். திரும்ப எழுதினாள்.

மத்தியானம் அப்பா தோட்டத்துக்குப் போனபின் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து வாசித்தாள். புற்றுநோய் என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. மூன்று பக்கத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

“இதாத்தான் இருக்கும்னு நெனச்சேன். மதுரையிலருந்து வரும்போது பஸ்ஸுல ஒங்கப்பா என்னைய ஜன்னலோரம் உக்காரச் சொன்னாக. என்னைக்குமில்லாத வழக்கம்.” நோட்டை மூடினாள். “நாப்பது பேரையும் எழுதியிருக்க.”

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“இல்லடி, நல்லது. மறைக்காம ஒருத்தியாச்சும் சொன்னியே.” எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, “கரண்டு வச்சா வலிக்குமா?” என்று கேட்டாள்.

“வைக்கும்போது வலிக்காதுன்னு போட்டிருக்கு. ஆடாம அசையாமப் படுத்திருந்தாப் போதுமாம். பின்னாடிதான் கொஞ்சம் கஷ்டமா இருக்குமாம்.”

அம்மா முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு ஒனக்குக் காலேசு இருக்கா?” என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அம்மா, “நாளைக்கு மதுரைக்குப் போறோம். வர்றதுன்னா வாங்க” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அவர் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார். காலை பஸ்ஸுக்கு அவர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வயதான பெண் டாக்டர் ஒருவர் அம்மாவை உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். வெளியே வந்து கையைக் கழுவியபடி, “ஏப்ரல்லயே வரச் சொல்லியிருக்கு. ஏன் இத்தனை நாள்?” என்று கேட்டார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் சீட்டிலிருந்த பழைய எண்ணைச் சாய்வாக ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் ரோமன் மூன்று எழுதினார். பிறகு பி. மாரீஸ்வரிக்கு இப்போது யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டவணையில் அறுபது பாதியாகிப்போன அந்த வரிசை கண்முன் அப்படியே நின்றது. “இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது” என்றார் டாக்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “என்னமோ அடிச்சு எழுதுனாகளே, என்ன அது?”

“தேதிம்மா. திங்கக்கெழம தொடங்குறாகளாம்.”

“அந்த அறுபதுல ஒண்ணும் மாத்தமில்லையே?”

“இல்லம்மா.”

சொல்லிவிட்டு அவள் மாத்திரை வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டாள். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் தோளைத் தட்டியபோதுதான் அவளும் நகர்ந்தாள்.

மதுரையில் அம்மாவின் சித்தி மகள் ராஜமணி வீட்டில் தங்கினார்கள். குச்சனூர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்து, தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். கல்லூரியில் வருகை குறைந்ததால் இந்த செமஸ்டர் எழுத முடியாது, அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்துகொள் என்று துறைத்தலைவர் போனில் சொன்னார். ஞானசெல்வி என்ன படிக்கிறாள், லேபில் என்ன நடக்கிறது என்று நினைக்கவும் மாரீஸ்வரிக்கு நேரமில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அம்மா எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்தது. இடுப்புத் தோல் கறுத்தது. தொட விடமாட்டாள்.

அந்த வாரம்தான் அப்பா வந்தார். ஒயர் கூடையில் பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் பக்கத்தில் உட்காராமல், எதிர் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசத் தொடங்கினார். “எந்த ஊரும்மா? எத்தன நாளாச்சு?” பலரும் அப்போதுதான் வந்தவர்கள். மத்தியானம் மகளிடம் வேகமாக வந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போடிக்காரம்மா ஒண்ணு, அந்தா அங்கன நிக்கிறாக பாரு. கிருபாவதின்னு பேரு. கரண்டு வச்சு மூணு வருசமாச்சாம். இப்பவும் காட்டு வேலைக்குப் போறாகளாம்.” அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். “ஏத்தா, நாந்தான் நாளக் கடத்திட்டனா?”

அவரிடமும் அவள் மாறிப்போன எண்ணைச் சொல்லவில்லை. “அம்மாவக் கூப்பிடுறாகப்பா” என்றாள்.

கதிர்வீச்சு அறைக்குள் துணைக்கு யாரையும் விடமாட்டார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். கனத்த கதவு மெதுவாக மூடியது. மேலே சிவப்பு பல்பு எரிந்தது. பக்கத்து அறையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் அம்மாவின் பெயரையும் எண்ணையும் அடித்தாள். அன்றைக்கு அவள் அறைக் கதவைச் சாத்த மறந்திருந்தாள். அவள் மேசைக்கு மேலே சின்ன டிவி ஒன்று இருந்தது. அதில் உள்ளறையின் படம், சாம்பல் நிறத்தில் ஒரு மேசை. மேசைமேல் அம்மா. இவ்வளவு சிறிய ஆளா அம்மா என்று மாரீஸ்வரிக்கு இருந்தது. அப்பா அவளுக்குப் பின்னால் வந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. கைகள் இரண்டும் மார்பின்மேல் இருந்தன. கண்கள் மட்டும் திறந்து கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. பிறகு உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாளா, யாரையாவது கூப்பிடுகிறாளா, தெரியவில்லை. அந்த டிவியில் சத்தம் இல்லை.