பதினோரு எழுத்தும் ஓர் என்டரும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குத் தமிழ்த் தட்டச்சு பழகப் போனேன். என் கையெழுத்தைப் பார்த்து அச்சுக் கோப்பவர்கள் சாபம் விடுவதாகக் கேள்வி. அங்கே பக்கத்து இருக்கைக்கு வரும் பெண், உட்காரும் முன் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை தொடுவாள். பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இருக்கன்குடி மாரியம்மனை இழுத்து அரைப் பக்கம் எழுதியும் விட்டேன்.

கேட்டதற்குச் சிரித்தாள். "சாமியெல்லாம் இல்ல அண்ணாச்சி. எங்க பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள நுழையுமுன்ன செம்புத் தகட்டத் தொடணும். உடம்புல இருக்க கரண்டு எறங்கிரும். இங்கனயும் கை தானாப் போயிருது."

அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். அம்மன் மன்னிப்பாள்.

2

தொடக்கம்தான் படாத பாடு படுத்தியது.

(பாண்டிலட்சுமியின் விரல் நுனிகளில் வெள்ளி நிற மருந்து — )

வேண்டாம். பட்டாசுத் தொழிலாளி என்றதும் விரலைக் காட்டி வாசகரின் கண்ணைக் கசக்க வைப்பது எனக்கே அலுத்துவிட்டது.

(முப்பத்தாறு வயதில் ஒரு பெண் கணினி கற்க வந்தால் இந்தச் சமூகம் — )

இது கட்டுரை. சமூகம் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும்.

நேராகவே சொல்கிறேன். பக்கத்து இருக்கைப் பெண் பாண்டிலட்சுமிக்கு வாணக் குழாயில் மருந்து செலுத்தும் வேலை. அவள் போகும் கம்பெனி வேனில் இன்னும் பதினோரு பெண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படிக்கப் போவது ஆறு மாதமாக அந்த வேனுக்கு மெல்லக் கிடைத்த அவல். "கம்ப்யூட்டர் வருது, எடம் விடுங்கடி" என்பார்கள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வாயை விட்டாள்.

"ஆயுத பூசையன்னைக்கு ஆபீசுக்கு வாங்க. கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு எழுத்த அமுக்குங்க. அமுக்குன ஒடனே ஸ்க்ரீன்ல உங்க பேருக்கு ஒரு வாணம் வெடிக்கும். வெடிக்கலன்னா நான் படிப்பவே விட்டுருதேன்."

கடைசி வாக்கியம் என்னுடையதல்ல.* நானாக இருந்தால் அவளை இவ்வளவு பெரிய பந்தயம் கட்ட விட்டிருக்க மாட்டேன். அவளுக்கு அந்தப் படிப்பு எவ்வளவு பிடிக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

(* அவளிடமே கேட்டுச் சரிபார்த்தேன். "ஆமா, சொன்னேன். கோவத்துல வந்துருச்சு" என்றாள்.)

3

இங்கே கொஞ்சம் பாடம். அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம்; பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.

சி என்ற கணினி மொழியில் விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தை வாங்க இரண்டு வழிகள் உண்டு. கெட்ச் என்று எழுதினால், விசையை அமுக்கியதும் நிரல் எழுத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கெட்சார் என்று எழுதினால், என்டர் விசை விழும்வரை வந்த எழுத்துகளையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைக்கும். ஆசிரியை ஆர்த்தி கெட்ச் நடத்திய ஞாயிறன்று பாண்டிலட்சுமி வரவில்லை. தீபாவளி சீசன், ஞாயிறும் வேலை. அவளுக்குத் தெரிந்தது கெட்சார் மட்டும்; வாண நிரலை அதை வைத்தே எழுதினாள். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் எழுத்தோடு என்டரையும் பழக்கத்தில் தட்டிவிட்டாள். வாணமும் வெடித்தது.

4

பூஜை முடிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். விசைப்பலகையில் பொரி. போர்மேன் பெத்தணன் பத்து நிமிடம் அனுமதி கொடுத்துவிட்டு அவரும் வந்து நின்றுகொண்டார்.

முதலில் மாரிச்செல்வி. "எம் பேருக்கு எது?"

பாண்டிலட்சுமி விசையைக் காட்டினாள். மாரிச்செல்வி அமுக்கினாள். திரையின் அடியில் எழுத்து மட்டும் வந்து நின்றது.

"எங்கடி வாணம்?"

"அடுத்த ஆளு அமுக்குங்கக்கா."

மாடத்தி அமுக்கினாள். பொன்மணி அமுக்கினாள். பதினோரு பேரும் அமுக்கி முடித்தார்கள். பதினோரு எழுத்துகள் வரிசையாக நின்றன, அவ்வளவுதான்.

"மருந்து நமத்துப் போச்சு போல" என்றார் பெத்தணன். ஆபீசே சிரித்தது.

(பாண்டிலட்சுமியின் கண்களில் நீர் — )

பக்கத்து இருக்கையிலிருந்து இதைப் படித்துவிட்டாள். "நான் எங்க அழுதேன்? வேர்த்துச்சு. வேர்த்துச்சுன்னு எழுதுங்க."

அவளுக்கு வேர்த்தது. வேர்த்த கையோடு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், என்டரைத் தட்டினாள்.

டப். மாரிச்செல்வியின் வாணம் திரை உச்சிக்குப் போய் நட்சத்திரமாகக் கொட்டியது. அது விழுந்து முடியுமுன் மாடத்தி. அடுத்துப் பொன்மணி. மூச்சு விட இடமில்லாமல் பதினோரு பேரும் சரமாக வெடித்தார்கள். லட்சக்கணக்கில் பட்டாசு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர்கள், தங்கள் பேருக்கு வெடித்ததைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். இதை எழுதும்போது எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

5

இங்கேயே முடித்திருப்பேன். பாண்டிலட்சுமிதான் விடவில்லை. "ஒடனே வெடிக்கும்னு சொன்னேன், வெடிக்கல. நான் தோத்துட்டேன்" என்று வேனில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம். அவள் படிப்பை நிறுத்துவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

கடைசியாக ஒரே ஒரு வகுப்பு என்று ஞாயிறன்று வந்தவள், ஆர்த்தியிடம் கெட்ச் கேட்டு நிரலைத் திருத்தினாள். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் பதினோரு பேர். அமுக்க அமுக்க அந்தந்த வாணம் உடனுக்குடன் வெடித்தது. யாரும் கத்தவில்லை.

"இது நல்லால்ல" என்றாள் மாடத்தி. "பழசையே போடு. ஒத்த ஒத்தையா வெடிக்கவா பதினோரு பேரு வந்தோம்? எங்கள எல்லாம் சேத்து வெடிக்க வச்சவ, படிப்ப விடுவாளாக்கும்? ஞாயித்துக்கெழம போகாம வீட்ல இருந்துதான் பாரேன்."

பாண்டிலட்சுமிக்கு இந்தமுறை வேர்க்கவில்லை. என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை, கேட்டால் மறுப்பாள்.

பழைய நிரல் இப்போது ஓடுகிறது. பதினோரு எழுத்தும் திரையில் தயாராக நிற்கின்றன. என்டரை யார் தட்டுவது என்று ஒரே சண்டை. பெத்தணனும் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மாரிச்செல்வி என்று எழுதினேன், அடித்தேன். பொன்மணி என்று எழுதினேன், அதையும் அடித்தேன். யாரைச் சொன்னாலும் மற்றவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

வாசகரே, நீங்கள் வெளியூர். யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது, சீக்கிரம். தட்டுங்கள்.