மூச்சை அடக்கிய சென்றாயன்

1
இந்தக் கதை, சளிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்ற ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. திரைக்கு அந்தப்பக்கம் பேசியதை ஒட்டுக்கேட்டேன். (ஒட்டுக்கேட்காதவர்கள் கட்டுரை எழுதலாம்.)

முதல் தொடக்கம்: ‘பனி கொட்டும் மலையில் ஒரு கிழவரின் இதயம்...’

வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து, எந்த மலையை எழுதினாலும் பனி கொட்டிவிடுகிறது. கொல்லிமலையில் அன்று நல்ல வெயில்.

2
சென்றாயனுக்கு எழுபது தாண்டிவிட்டது. மிளகு பறிக்க ஏணி ஏறியவர், கண் இருட்டி மரத்தைக் கட்டிக்கொண்டார். மனைவி பாப்பாயி கையோடு இழுத்துவந்துவிட்டார்.

வயதானால் சிலருக்கு இதய வால்வு இறுகிப்போகும். அப்போது இதயத் துடிப்பின் ‘லப்’புக்கும் ‘டப்’புக்கும் நடுவே ஓர் இரைச்சல் கேட்கும். டாக்டர் ரோஸ்லின் தேடியது அதைத்தான். சென்றாயனோ, டாக்டர் தேடுவது மூச்சிரைப்பைத்தான் என்று நம்பினார். அது கேட்டுவிட்டால் மரம் ஏற விடமாட்டார்களே! ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் பட்டதும் மூச்சை முழுக்க விட்டு அடக்கிக்கொண்டார்.

“அப்படியே இருங்க தாத்தா. மூச்ச அடக்குங்கன்னு நானே சொல்லணும்னு இருந்தேன். இப்பத்தான் தெளிவா கேக்குது.”

பாப்பாயி சிரித்துவிட்டார். “எத்தன வருசமா வாய மூடுங்கன்னு சொல்றேன்! இன்னிக்குத்தான் மூடுனீங்க, மாட்டிக்கிட்டீங்க!”

3
டாக்டர் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறார். கொஞ்சம் கோபம் கொடுத்துப் பார்க்கிறேன்: ‘ரோஸ்லின் மேசையை ஓங்கித்...’

தட்டவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிச் சென்றாயன் காதிலேயே மாட்டினார்.

“ஏனுங்க சாமி, வளைவுல லோடு லாரி ஏறுறாப்ல இரையுது?”

“வால்வு எவ்வளவு இறுகியிருக்குன்னு நாமக்கல் போய் ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் ஏணி பக்கமே போகாதீங்க. மேல மயக்கம் வந்தா உசுரு போயிரும்.”

“மொளகு பழுத்துருச்சுங்க. பறிச்சுப்போட்டுப் போறனுங்களே.”

4
முடிவு அ: ஸ்கேன், புது வால்வு, எல்லோருக்கும் இனிப்பு. (அரசு விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: மறுநாள் அவர் ஏணியில் கால் வைத்து...

இதை எழுத மனம் வரவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான்: நாமக்கல் பஸ் நிற்கிறது. பாப்பாயி ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுவிட்டார். சென்றாயன் படிக்கம்பியைப் பிடித்தபடி தோட்டத்துப் பக்கமே பார்க்கிறார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

“வாரீங்களா, இல்ல நான் போயி என் நெஞ்சக் காட்டிட்டு வரட்டா?” என்கிறார் பாப்பாயி.

அவரைப் பஸ்ஸுக்குள் தள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் படிக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கொஞ்சம் கை கொடுங்கள்.