மாடு பார்க்கிற ஆட்கள்

மனிதர்களை மாட்டுக் கொட்டகைக்கும் மாடுகளை லயத்துக்கும் மாற்றியது அழகர்தான். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் மாடு பார்ப்பது அவர் வேலை. கொட்டகைச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, வெடிப்பு ஒரு கால் நுழையும் அளவுக்கு அகன்றபோதும் மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. மகள் நிரஞ்சலா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அது. பச்சைப் பிள்ளையை அந்த மலைக்குக் கீழே படுக்க வைக்க அழகருக்கு மனம் வரவில்லை. சாவியை எடுத்தார்.

லயத்துச் சுவரில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிச் சில மழைக்காலம் போயிருந்தது. இங்கே குடியிருப்பது ஆபத்து என்று அதில் எழுதியிருந்தது. எங்கே குடியிருக்கலாம் என்று எழுதியிருக்கவில்லை. மழை பிடித்தால் சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகும், பார்சல் சோறு வரும். வெயில் அடித்தால் சனம் லயத்துக்குத் திரும்பும். இந்தத் தடவை பள்ளிக்கூடத்தில் பரீட்சை.

கொட்டகை அப்படியில்லை. தேசியத் திட்டத்துக் காசில், மூன்று மொழியிலும் பலகை வைத்துக் கட்டியது. 'காலநிலை மாற்றத்தைத் தாங்கும் கால்நடைக் கொட்டகை' என்று பலகை சொன்னது. சீமெந்துத் தரை, ஒழுகாத கூரை, குழாயில் தண்ணீர். அந்தச் சமதரையில் வீடு கட்டித் தரச்சொல்லி லயத்து ஆட்கள் கேட்டபோது, அது தேயிலைக் காணி, தர முடியாது என்றார் தோட்டத்துத் துரை. மாட்டுக்கென்று வந்ததும் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தந்தார்.

லயத்து ஆறு குடும்பமும் உள்ளே போனதும் மாடு நிற்க இடமில்லை. மாட்டை மழையில் விடுகிற பழக்கம் அழகருக்கு இல்லை. ஓட்டிக்கொண்டு போய் லயத்தில் ஆளில்லாத ஓரறைக் காம்பராக்களில் கட்டிவிட்டு வந்தார்.

"நம்ம காம்பராவுல எதக் கட்டுனீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி இராக்கம்மா.

"கருப்பிய."

"அது ஒதைக்குமே. சாமி படத்த எடுத்தீங்களா?"

"இல்ல. அது சாமியப் பாத்துத்தான் நிக்குது. ஒதச்சாலும் பின்னாலதான ஒதைக்கும்."

மூன்றாம் நாள் திட்டத்து அதிகாரி இரகுநாதன் பதுளையிலிருந்து ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அம்மா கொட்டகையைப் பார்க்க வர இருந்தார். இரகுநாதன் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். தீவனத் தொட்டிக்கு மேல் சேலையில் பிள்ளை தொங்கியது.

"மாடு எங்க?"

"லயத்துலங்க சேர்."

குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினார். கருப்பி வாசலில் தலையை நீட்டி அவரைப் பார்த்தது. அவர் வெடிப்பைப் பார்த்தார். போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார்.

"உமக்கு விசரோ? அந்த மலை எப்ப இறங்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குக் கீழ கொண்டுபோய் மாட்டைக் கட்டியிருக்கிறீர். ஒண்டு செத்தாலும் ஆர் பதில் சொல்லுறது?"

"மாட்டுக்கு ஆகாதுங்களா சேர்?"

"நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு, வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சோங்க. எங்களுக்கு மட்டுந்தான்னு நெனச்சிட்டோம்."

இரகுநாதன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இப்பவே மாட்டைக் கொண்டு வாரும். இந்தச் சனத்தை வெளிய எடும்."

"எங்கிட்டுங்க போறது?" என்றாள் இராக்கம்மா.

"அது எனக்குத் தெரியாதம்மா. எங்கட திட்டத்தில கால்நடை இருக்கு, பயிர் இருக்கு, குளம் இருக்கு. வீடு இல்லை. வீடு வேற அமைச்சு. அவையக் கேட்டா, காணி தோட்டத்தின்ர எண்டுவினம். தோட்டத்தைக் கேட்டா, காணி அரசாங்கத்தின்ர எண்டும்."

"அப்ப மலை யாருதுங்க?"

பிள்ளை அழுதது. நிரஞ்சலா அதை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இரகுநாதன் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

"மாடு பாக்கிற ஆக்கள் இஞ்ச தங்கலாம். திட்டத்தில அதுக்கு இடமிருக்கு. மற்ற ஒருத்தரையும் நாளைக்கு நான் காணக்கூடாது," என்று மழையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அழகர் அந்தப் பேச்சைக் கொஞ்சநேரம் அசைபோட்டார். பிறகு மாடுகளை ஓட்டி வந்து ஒரு பக்கமாக நெருக்கிக் கட்டினார். மறுபக்கம் ஆறு குடும்பம்.

"இன்னையிலருந்து எல்லாரும் மாடு பாக்குறவங்க. யாரு கேட்டாலும் அதான்."

"எனக்கு மாடுன்னாலே பயம் மாமா," என்றான் கொழுந்து லொறி ஓட்டும் ரமேஸ்.

"லொறிய பள்ளத்துல விட்டியே, அப்ப பயமா இல்லயா? சும்மா நில்லு."

மறுநாள் கொழும்பு அம்மா பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக என்ன வேலை என்று கேட்டார். இரகுநாதன் மொழிபெயர்த்தார். ரமேஸ் சாணி அள்ளுவதாகச் சொன்னான். இராக்கம்மா பால் கறப்பதாகச் சொன்னாள். நிரஞ்சலா கன்று பார்ப்பதாகச் சொன்னாள். கன்று எதுவும் அங்கே இல்லை. இரகுநாதன் கூரையைப் பார்த்தபடி அதையும் மொழிபெயர்த்தார்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நீளமாக ஏதோ பேசினார்.

"பன்னிரண்டு மாட்டால இத்தனை குடும்பம் பிழைக்கிறது வேற எங்கயும் இல்லையாம்," என்றார் இரகுநாதன். கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் இருபது மாடு தருவினமாம்," என்றார்.

தோட்டத்துக் கந்தோரிலிருந்து வந்திருந்த அலுவலர்கள் கை தட்டினார்கள். மற்றவர்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாகனங்கள் போனபிறகு அழகர் கொட்டகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். எப்படிக் கட்டினாலும் இருபது மாட்டுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் பாய்கள் கிடந்தன. இராக்கம்மா ஓரமாகக் கல் கூட்டி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"இருபது மாடு வந்தா நம்ம எல்லாரும் மறுபடி லயத்துக்குத்தான் புள்ள," என்றார்.

"எப்ப வருதாம்?"

"தேதி சொல்லல. கொழும்புல கூடிப் பேசி முடிவெடுக்கணுமாம்."

"கூடிப் பேசியா?" இராக்கம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம பேரன் நடந்து, பேசி, பள்ளிக்கூடத்துக்கே போயிருவான். நீங்க போயி நாலு பலகையும் ஆணியும் பாத்துக் கொண்டாங்க. பொம்பளைங்க உடுப்பு மாத்த ஒரு தடுப்பு அடிக்கணும்."