காணிக்கைக் கவரில் எழுதிய வரி

பாவி என்று ஒத்துக்கொள்ளத் தெரியாமல் ஞானஸ்நானப் பரீட்சையில் தோற்றவன் எங்கள் சபையில் நான் ஒருவன்தான்.

புசான் துறைமுகத்தை ஒட்டிய கருவாட்டுச் சந்தையில் முப்பத்தெட்டு வருஷமாக நெத்திலி விற்கிறேன். பியோ கடை என்றால் யாரும் கை காட்டுவார்கள். என் மனைவி மால்சுன் பிறவியிலேயே சபைக்காரி. இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்; ஞானஸ்நானம் மட்டும் வாங்கவில்லை. திருவிருந்து நாளில் அப்பத்தட்டு கை மாறி கை மாறி வரும். ஞானஸ்நானம் வாங்காதவன் அதை எடுக்கக் கூடாது. நான் வாங்கி, ஒன்றும் எடுக்காமல், சுடுகிற சட்டியைத் தள்ளிவிடுவதுபோல அவளிடம் நீட்டிவிடுவேன்.

இந்த வருஷம் மால்சுனுக்கு இருதய ஆபரேஷன். ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

“என்னங்க, டாக்டருங்க மேசையில என்னைப் படுக்க வைக்கறதுக்கு முன்னாடி, கர்த்தரோட மேசையில ஒரு தடவ உங்ககூடச் சாப்பிட்டுடணும்,” என்றாள்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் பாதியாகக் குறைத்திருப்பேன். இதில் குறைக்க ஒன்றுமில்லை. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பரீட்சை போதகர் நாமின் அறையில் நடந்தது. பக்கத்தில் மூப்பர் மா. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்றைக்கும் எதிரே வருகிற எல்லாரையும் டிக்கெட் வாங்காதவனாகத்தான் பார்ப்பார். ஆண்டவர் யார், சிலுவை எதற்கு என்றெல்லாம் கேட்டார். மால்சுன் உருப்போட வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

“நீங்க ஒரு பாவின்னு ஒத்துக்கறீங்களா?”

எல்லாரும் இந்த இடத்தில் “ஆமா” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்களாம். எனக்குச் சரக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

“எந்தப் பாவத்துக்குங்க ஐயா?” என்றேன்.

“எந்தப் பாவமா?”

“கொலை பண்ணல, திருடல, வேற பொம்பளை பக்கம் போகல. சந்தையில விசாரிச்சுப் பாருங்க. எதுன்னு சொன்னீங்கன்னா ஒத்துக்கறேன்.”

மூப்பர் மா பேனாவை மூடினார். போதகர் நாம் சின்னப் பையன் மாதிரி இருப்பார், முப்பத்தைந்து வயசு இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

“பியோ ஐயா, நீங்க அதைப் பொறுக்கி எடுக்கற சாமான்னு நெனைக்கிறீங்க. பொய், திருட்டு எல்லாம் அப்புறம் வர்றது. நெஞ்சு எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கறதுதான் முதல்ல. தன்னையே பாத்துத் திரும்பின நெஞ்சு, முழங்கால் போட்டு ஜெபம் பண்றப்பகூடத் தன்னைத்தான் கும்பிடும். அடுத்த சனிக்கிழமை வாங்க. அதுக்குள்ள உங்கள நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு வாங்க. மால்சுன் அம்மாகிட்ட வேணாம். அவங்க மன்னிச்சு மன்னிச்சு எல்லாத்தையும் மறந்திருப்பாங்க.”

நெஞ்சு, திருப்பம் எதுவும் எனக்கு ஏறவில்லை. ஒரு வாரத்துக்குள் உருப்படியான பாவம் ஒன்று வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

எதிர்க்கடைப் பாங் கடற்பாசி விற்கிறவன். அவனிடம் கேட்டதும் கட்டுக்கட்டாக எடுத்துப் போட்டான்.

“பெட்டியில மேல பெருசு, அடியில பொடிசு வைக்கறே.”

“அது பாவமா? நீயும்தான் வைக்கறே.”

“கெழவிங்ககிட்ட ‘உங்களுக்காக நஷ்டத்துல தர்றேம்மா’ங்கறே.”

“அதுங்களும்தான் ‘காசே இல்லப்பா’ங்குதுங்க. ரெண்டும் சரியாப் போச்சு. வேற காட்டு.”

“குறட்டை விடறே. தெருவுக்கே கேக்குது.”

“போடா!”

பெரிதாக இருந்தால் மானம் போகும்; சின்னதாக இருந்தால் மூப்பர் மா திருப்பி அனுப்பிவிடுவார். நடுத்தரமாக ஒன்று பார்த்து வைத்துக்கொண்டேன்: கோபத்தில் ஒருமுறை தராசுக்கல்லைத் தம்பிமேல் எறிந்தது. கல் படவில்லை. அதனால் விலையும் ரொம்ப ஏறாது.

ஒரு சாட்சி வேண்டும் என்று பக்கத்துக் கடைக்குப் போனேன். தாக் புன்ரே. என்னைவிட இரண்டு வயசு மூத்தவர், அதே சபைதான். முப்பது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாடிக்கையாளர்களை இழுத்துச் சண்டை போடுகிறோம். தரையில் உட்கார்ந்து நெத்திலி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

“புன்ரே அக்கா, நான் பண்ணின பாவம் ஒண்ணு சொல்லுங்க. பரீட்சைக்கு வேணும்.”

“ஒண்ணு போதுமா?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துக் கையை நிறுத்தினார். “நெசமாத்தான் கேக்கறியா?”

“மால்சுனுக்காக.”

புன்ரே அக்கா சுவரைத் தலையால் காட்டினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தீயின் கரி அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் கோடிக்கடை மின்சார அடுப்பிலிருந்து பிடித்த தீ, ஆறு கடைகளைத் தின்றுவிட்டு வந்தது. ஆறாவது புன்ரே அக்கா கடை. ஏழாவது என்னுடையது. என் தார்ப்பாயின் ஓரம் மட்டும் கருகியது.

“அடுத்த ஞாயிறு நீ காணிக்கை போட்டியே, ஞாபகம் இருக்கா?”

இல்லாமலா? நன்றிக் காணிக்கைக் கவரின்மேல் காரணத்தையும் எழுதுவது எங்கள் வழக்கம். மகன் வேலைக்குப் போனான், காய்ச்சல் விட்டது என்று எழுதுவார்கள். போதகர் ஒவ்வொன்றாகப் படிப்பார். சபை ஆமென் சொல்லும். அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு கவர்கூட எழுதியதில்லை. அந்த ஒரு கவரை நல்ல பேனாவாகத் தேடி எடுத்து எழுதினேன்: “எங்கள் கடைக்கு முந்தின கடையோடு தீயை நிறுத்திய ஆண்டவருக்கு நன்றி.” போதகர் குரல் தழுதழுக்கப் படித்தார். அவ்வளவு பேர் சேர்ந்து ஆமென் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மால்சுன்கூட என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த முந்தின கடை, மூணாவது வரிசையில இரவல் கோட்டு போட்டுட்டு உக்காந்திருந்துச்சு,” என்றார் புன்ரே அக்கா. “தலையில இன்னும் பொகை நாத்தம் போகல.”

“அக்கா, உங்கள நெனைச்சு நான் அப்படி எழுதலை.”

“தெரியும். நெனைக்கவே இல்ல. அதத்தான் சொல்றேன். என் கடை எரியணும்னு நெனைச்சிருந்தா வந்து உன் சட்டையப் பிடிச்சிருப்பேன். நீ கடவுளுக்கு நன்றி சொன்னே. அதுல நான் ஒரு வேலி. நெருப்பு வந்து நின்ன வேலி.”

நான் பார்த்து வைத்திருந்த தராசுக்கல் எங்கோ போய்விட்டது. என் வாழ்க்கையிலேயே சுத்தமானது என்று எதை நினைத்திருந்தேனோ, ஆண்டவர் சந்நிதியில் நல்ல பேனாவால் எதை எழுதினேனோ, அதற்குள்ளேயே இந்தப் பாவம் உட்கார்ந்திருந்திருக்கிறது. மூன்று வருஷம். நானும் பார்க்கவில்லை, சபையும் பார்க்கவில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அது மேலேதான், எல்லாரும் பார்க்க, பளபளவென்று இருந்தது.

“நீங்களும் அன்னைக்கு ஆமென் சொன்னீங்களா?” என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“சொன்னேன்.”

“எப்படிக்கா?”

ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டார். “முதல்ல வாய் வரல. பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பத் தோணுச்சு. தீ அஞ்சாவது கடையோட நின்னிருந்தா, நானும் கவர் வாங்கி இதே வரியத்தான் எழுதியிருப்பேன். என் கையெழுத்து உன்னதவிட நல்லா வேற இருக்கும். ஒரு எழுத்து மாத்தியிருக்க மாட்டேன். அது தெரிஞ்சுடுச்சு, பியோ. உன்மேல இருந்த கோவத்த வைக்க எடமில்லாமப் போச்சு. அந்த ஆமென் உனக்குச் சொன்னதில்ல. எனக்குச் சொன்னது.”

அந்தக் கரிச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். படகுக்காரர்கள் சொல்வார்கள், வெகுதூரம் போனபின் ஒருநாள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம், கயிறு தீர்ந்தும் தரை தட்டாது, அன்றைக்குத்தான் எதன்மேல் மிதக்கிறோம் என்று தெரியும் என்று. என் காலுக்குக் கீழே அப்படி இருந்தது. இவ்வளவு ஆழத்தின்மேல் அறுபது வருஷம் பேரம் பேசிக்கொண்டு மிதந்திருக்கிறேன். மூழ்கவிடாமல் ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கவரையும் வாங்கிக்கொண்டு, பேசாமல்.

“மன்னிச்சுடுங்கக்கா. அதுக்கு நான் என்ன பண்ணணும் சொல்லுங்க.”

“என்னது, விலை கேக்கறியா?” என்றார். “அந்த ஞாயித்துக்கெழமையே முடிஞ்சு போச்சு. குந்து. இந்தத் தட்டப் பிரி. பொடிசெல்லாம் தனியா.”

உட்கார்ந்து பிரித்தேன். சாயங்காலம்வரை என் கடைப் பக்கம் போகவில்லை. பாங் இரண்டு முறை வந்து, எனக்கு உடம்பு சரியில்லையா என்று பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மூப்பர் மா கேட்டார்: “நீங்க ஒரு பாவின்னு ஒத்துக்கறீங்களா?”

“ஆமா.”

அவர் பேனாவோடு காத்திருந்தார். “எந்தப் பாவத்துக்குன்னு கேக்கலையா?”

சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் போதகர் நாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூப்பரின் கையை மெல்லத் தொட்டார். மூப்பர் மா எழுதிக்கொண்டார்.

ஈஸ்டர் அன்று தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சில்லென்று இருந்தது, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மால்சுன்; இன்னொரு பக்கம், வழக்கமான மூன்றாவது வரிசையை விட்டுவிட்டு வந்த புன்ரே அக்கா. அப்பத்தட்டு அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வாங்கின வேகத்திலேயே மால்சுனிடம் நீட்டிவிட்டேன்.

அவள் வாங்கவில்லை.

“என்னங்க,” என்றாள் மெதுவாக, “எடுங்க.”

தட்டை என் பக்கம் திருப்பினேன். புன்ரே அக்கா அடியில் ஒரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார். எடுத்தேன்.